வெந்நீரை முகர்கிறவர்

காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கும் முன்பே, அவர் வெந்நீர் வைத்துவிடுவார். பற்பசை வாயில் பட்டால் மூக்கு அரைநாள் பொய் சொல்லும் என்பது அவர் கணக்கு. கொதித்த நீரை மண் கெண்டியில் ஊற்றுவார். இலை போட மாட்டார், வெறும் நீர்தான். நூறு எண்ணும்வரை மூடி வைத்திருப்பார். பிறகு மூடியை எடுத்துத் திருப்பி, அதன் உள்பக்கத்தில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. அடுப்பங்கரை பற்றி எரிந்தாலும் சைகைதான் காட்ட வேண்டும்.

கெண்டி இரண்டு கைக்குள் அடங்கிவிடும். பூச்சு இல்லாத மண், கறுத்துப்போன செம்பழுப்பு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஜாதி டீயைத் தவிர வேறொன்றை அது கண்டதில்லை. மண் குடிக்கும், ஐயா. ஊற்றினதில் கொஞ்சத்தைத் தன் உடம்பில் வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் இலையே போடாமல் வெந்நீர் ஊற்றினாலும் மூடியில் டீ மணக்கிறது. கல்யாணமான மறுவாரமே அவர் மனைவியை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்: "எதை வேணா கழுவு, இதுல மட்டும் சோப்பு போட்டுடாத. ஒரு தடவை குடிச்சுதுன்னா ஆறு மாசத்துக்கு அதுதான் நாறும்." மனைவி அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்: "இவருக்கு மூத்த சம்சாரம் அந்தக் கெண்டி. நான் இளையவ."

பிழைப்பு மூக்குப் பிழைப்பு. டீத்தூள் கம்பெனி ஒன்றின் மூன்றாம் மாடியில், வெயில் நேராக விழாத ஜன்னலோரம் நீள மேஜை. அதில் நாற்பது வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் நிறுத்துப் போட்ட இலை, கொதிநீர், ஆறு நிமிஷம். மணி அடித்ததும் கரண்டியால் அள்ளி, தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, குறிப்பேட்டில் ஒரு சொல் எழுதுவார். அவர் எழுதும் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் கீழே மூட்டைகள் லாரியில் ஏறும், அல்லது திரும்பிப் போகும்.

அங்கே ஏன் மண் இல்லை என்று கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். "பீங்கானுக்கு வயித்துல ஒண்ணும் தங்காதுங்க. கெட்டுப்போன இலைன்னா மூஞ்சிக்கு நேரா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடும். மண்ணு அப்படி இல்ல. கூர்மையைத் தட்டி, கசப்பை மழுப்பி, நம்ம மனசு நோகாம சொல்லும். அதனால கோர்ட்டுல பீங்கான், வீட்டுல மண்ணு."

போன மாதம் அந்தக் கோர்ட்டில் ஒன்று நடந்தது. பதினேழாம் கோப்பையை உறிஞ்சித் துப்பிவிட்டு அவர் 'நன்று' என்று எழுதினார். எதிர்மேஜையில் அதே வேலை பார்க்கும் அம்மாள் அந்தக் கோப்பைக்கு வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், ஈரச்சாக்கு நாத்தம் குடலைப் பிடுங்குது. உங்களுக்கு வரலையா?"

"சளிம்மா. ரெண்டு நாளா மூக்கடைப்பு."

"அப்ப லீவு போட்டுட்டு வீட்ல படுங்க சார். உங்க மூக்கை நம்பி முழு கோடவுனும் கிடக்கு."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சளியும் இல்லை, அடைப்பும் இல்லை. காற்று தாராளமாகப் போய் வந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இன்றைக்கும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார். மூக்கு போன பிறகு அவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பி, அட்டைப் பெட்டி மடிக்கச் சொன்னார்கள். மரியாதையெல்லாம் குறையில்லை, மத்தியானம் டீ கொடுக்கிறார்கள். அவர் அதைச் சூடாக இருக்கிறதே என்று குடிக்கிறார். லிஃப்டில் அவரோடு போக நேர்ந்தால் நம்மவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிடுவார், ஏதோ தொற்று நோய் போல.

பதினேழாம் கோப்பைக்குப் பிறகு மேஜையில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எதிர்மேஜை அம்மாள் உறிஞ்சும்வரை அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். அவள் புருவம் ஏறுகிறதா, உதடு கோணுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். இதுவரை யாருக்கும் தெரியாது. வீட்டிலும் சொல்லவில்லை.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி கெண்டி. தினமும் காலையில் அது கொஞ்சம் மணத்தது. ஆனாலும் இருபத்திரண்டு வருஷம் முகர்ந்த மணமாயிற்றே, மூக்குக்கு வருகிறதா, ஞாபகத்தில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே மூடியை வைப்பார்.

இந்த வியாழக்கிழமை அது மணக்கவில்லை.

நூறு எண்ணினார். மூடியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. நீரைக் கொட்டிவிட்டு மறுபடி கொதிக்க வைத்து, இருநூறு எண்ணினார். ஈரச் சூடு முகத்தில் அடித்தது, அவ்வளவுதான். சுவரை முகர்கிற மாதிரி இருந்தது. மூடியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி ஓடிவந்தாள். "என்னங்க, ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"கெண்டி... மணக்கல."

முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, தலையை முடிந்துகொண்டே வாசற்படியில் வந்து நின்றாள். "எப்படி மணக்கும் தம்பி? நேத்து நான்தானே தேய்ச்சு வச்சேன். உள்ள எத்தனை வருஷத்துக் கறை தெரியுமா? நீ வேலைக்குப் போனப்புறம் எலுமிச்சை சோப்பைக் கரைச்சு ஊத்தி, சாயங்காலம் வரைக்கும் ஊறப் போட்டேன்."

"அய்யோ அண்ணி," என்றாள் மனைவி.

அவர் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூக்கு போகவில்லை, கெண்டிதான் போயிற்று. போனால் போகட்டும், நூறு கெண்டி வாங்கலாம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணினக்கா."

"பாத்தியாடி, அவனே சொல்லிட்டான்," என்றாள் அக்கா.

மனைவி நம்பாமல் தரையிலிருந்த மூடியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். உடனே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "தூ. சோப்பு டப்பாவுக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு. இதையா இவ்வளவு நேரம் மோந்துக்கிட்டு இருந்தீங்க?"

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்களே பாருங்க," என்று மூடியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவர் மூடியை இரண்டு கையாலும் வாங்கினார். மூக்கை வைத்தார். மெதுவாக, நெஞ்சு நிறைய இழுத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மூடியின் விளிம்புக்கு மேலே மனைவியின் முகத்தையே பார்த்தார். மூக்கு சுருங்கி, மேலுதடு இடப்பக்கம் ஏறி, ஒரு கண் இடுங்கி இருந்தது அந்த முகம்.

பிறகு, தன் மூக்கைச் சுருக்கினார். மேலுதட்டை இடப்பக்கம் ஏற்றினார். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டார்.