தங்கச்சி அளவில் ஒரு முகூர்த்த ஜாக்கெட்

ஊரில் யார் பட்டினி கிடக்கிறார்கள், யார் விருந்து சாப்பிடுகிறார்கள் என்பது ஜாக்கெட் தைப்பவளுக்குக் கேட்காமலே தெரிந்துவிடும். என்னைப் போல டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அல்லாடும் அக்கா தங்கைகளே, நீங்களும் இதையெல்லாம் பட்டிருப்பீர்கள்.

யாருடைய அளவு?

எட்டயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கோவில்பட்டியில் எங்கள் தெருமுனை செல்போன் கடையில் வேலை பார்க்கும் மகேஸ்வரிக்குக் கல்யாணம் முடிவானது. முகூர்த்தப் பட்டோடு வந்த ஜாக்கெட் துணியையும், அளவு ஜாக்கெட் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். அளவு ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தேன். அவள் கைகூட அதற்குள் நுழையாது. கேட்டால், தங்கச்சியுடையதாம்.

பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளையின் சித்தி, "பொண்ணு கொஞ்சம் தடியால்ல இருக்கா" என்று பந்தியில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டாராம். அதிலிருந்து இவளுக்குத் தூக்கமில்லை. மணமேடையில் அந்தச் சித்தி முன்னால் ஒல்லியாக நின்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். சேலையோடு வரும் துணியை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். அதே மாதிரி கடையில் வேறு கிடைக்காது. "உன் அளவுக்கே தைக்கேன் தாயி, நீ எளைச்ச பெறகு பிடிச்சுத் தாரேன்" என்று கெஞ்சினேன். அவள் சொன்னாள்: "என் அளவைத் தொடாதீங்கக்கா. கல்யாணத்தன்னிக்கு அந்த அளவுல ஆளே இருக்காது."

என்னையே பாக்குது

எனக்கும் பிடிவாதம் உண்டு. தங்கச்சி அளவுக்குத்தான் தைத்தேன், ஆனால் மீதித் துணியை வெட்டாமல் உள்ளே மடித்து வைத்துவிட்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

சில வாரம் கழித்துப் போட்டுப் பார்க்க வந்தாள். காலையில் ஏதோ பொடியைக் கரைத்துக் குடிக்கிறாளாம், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி முட்டைக்கோஸ் வெந்த தண்ணீர். செல்போனில் யாரோ ஒரு பெண் சொல்லிக்கொடுத்தது. இளைத்துத்தான் இருந்தாள், பொய் சொல்லக் கூடாது. மூச்சைப் பிடித்தால் கொக்கி எல்லாம் மாட்டியது. ஆனால் கன்னம் ஒட்டிக் கிடந்தது. தலை வாரினால் முடி கொத்தாக வருகிறது என்று அவளே சொன்னாள்.

"கையைத் தூக்கு" என்றேன். தூக்கியவள் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்து டீக்கடை பாய் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும், கையில் ஒரு துண்டு கடலைமிட்டாயுமாக ஓடி வந்தார். டீயில் ரெண்டு மடக்கு குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மிட்டாயைக் காட்டி என்னிடம் சொன்னாள்: "அக்கா, அதை ஒரு துணி போட்டு மூடுங்க. என்னையே பாக்குது."

நாலாவது இட்லி

அதே நேரம் என் கடையில், வாடிக்கையாக வரும் கணக்கு டீச்சரும் இருந்தார். சர்க்கரை என்று டாக்டர் சொன்னதிலிருந்து விடிகாலையில் எட்டயபுரம் ரோட்டில் நடக்கிறவர். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிக்கொண்டார், பட்டினி என்பதே கிடையாது. எப்போதாவது வந்து ஜாக்கெட்டில் அரை இஞ்ச் பிடித்துக்கொண்டு போவார். பிடித்ததைத் திரும்பப் பிரிக்கச் சொன்னதே இல்லை. எல்லோரும் இப்படி இளைத்தால் எங்கள் பிழைப்பு என்னாவது? நல்லவேளை, அவர் வீட்டுக்காரரின் சட்டைகளைத்தான் அடிக்கடி லூஸ் விட வேண்டியிருக்கிறது.

என்ன மருந்து என்று மகேஸ்வரி கேட்டாள். டீச்சர் சொன்னார்: "மருந்தெல்லாம் இல்லட்டி. மூணு இட்லியோட எந்திரிச்சிருவேன். நாலாவதுக்கு மனசு அடிச்சுக்கிடும், அதை எடுத்து அவிய தட்டுல வச்சிருவேன்."

விருந்து வாரம்

எங்கள் பக்கம் கல்யாணப் பெண்ணைச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு அழைத்து விருந்து வைப்பார்கள். வேண்டாம் என்றால் ஜென்மப் பகை. நாகலாபுரம் பெரியம்மா வீட்டில் கிடாக்கறி, புதூர் மாமா வீட்டில் நாட்டுக்கோழி. காய்ந்து கிடந்த வயிறு சும்மா இருக்குமா? கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அம்மாவும் மகளும் அழுதுகொண்டே வந்து நின்றார்கள். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு கையே போகும் போலிருந்தது.

மடித்து வைத்ததை எல்லாம் பிரித்துவிட்டேன். அதுவும் போதவில்லை! பழைய அளவையே தாண்டி வந்திருந்தாள். கடைசியில், கையோடு கொண்டுவந்திருந்த முகூர்த்தச் சேலையில் இடுப்புக்குள் சொருகுகிற முனையில் ஒரு கீற்று வெட்டி, இரண்டு அக்குளிலும் வைத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்தவள் நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினாள். அம்மாக்காரிக்கு ஆசை விடவில்லை. "போட்டோவுக்காகக் கொஞ்சம் பிடிச்சிருங்களேன்" என்றாள். மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்: "யம்மா, தாலி கட்டுறப்ப நான் மூச்சு விடணுமா வேண்டாமா?"

சித்தி மேடை ஏறினார்

கல்யாணத்துக்கு நானும் போனேன். அந்த அக்குள் தையல் தாங்க வேண்டுமே என்ற பயம்தான் என்னை இழுத்துப் போனது. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் சித்தி மேடை ஏறினார். மகேஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது. சித்தி அவளை மேலும் கீழும் பார்த்தார். எங்கும் பிதுங்காமல் அளவாக உட்கார்ந்திருந்தது ஜாக்கெட். "ஏட்டி, என்ன இப்படி எளைச்சுப் போயிட்ட? கல்யாணக் கவலையா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மகேஸ்வரி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் பவ்வியமாகச் சொன்னாள்: "ஆமா அத்தை, ரொம்பப் பசிக்கு. பந்தில எனக்கு மொத எலை போடச் சொல்லுங்க."

ஊரார் கண்ணுக்கு இளைக்க ஒரு நல்ல தையல்காரி போதும், டாக்டர் வீட்டு எடை மெஷினில் இளைக்கத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது.