எதிர்ப் பட்டறையும் எண்ணெய்க் குழாயும்

இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் துவாரம் பேனா ரீஃபில் அளவுதான். அது அடைத்தால் டர்போ போச்சு, நம் பெயரும் போச்சு. கார் பழுது பார்த்துப் பிழைக்கும் சக பாவிகளுக்கு இது புரியும். பெக்கான் நானாஸ் ஊரில் இருபது வருடமாக இந்தக் குழாயோடுதான் மாரடிக்கிறேன். இரண்டு வருடம் முன்பு எனக்கு எதிரிலேயே சேகரன் பட்டறை திறந்தான். அன்றிலிருந்து வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

ஒரு நிமிடம்

வேகமாக ஓட்டி வந்தவுடன் இன்ஜினை அணைக்காதீர்கள், சூடான டர்போவுக்குள் எண்ணெய் நின்று கருகிவிடும், ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். லாரிக்காரர் முனியாண்டி ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதம் பார்த்தால், வண்டியை நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அப்பாடா, கடைசியில் என் பேச்சு ஏறிவிட்டதே என்று பூரித்துப் போனேன்.

"சேகரன் சொன்னாருண்ணே. நீங்க சொன்னா திட்டுற மாதிரி இருக்குலா, அவரு சொன்னா டாக்டர் சொல்ற மாதிரி இருக்கு."

விரல் வித்தை

புது டர்போவைக் காய்ந்தபடி மாட்டக்கூடாது. துவாரத்தில் எண்ணெய் ஊற்றி, டர்போவின் சிறு சக்கரத்தை விரலால் சுற்றி, உள்ளே ஊறவிட வேண்டும். நான் இதைப் பட்டறை மூலையில் சத்தமில்லாமல் செய்வேன். சேகரனோ வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, கிட்டே நிறுத்தி, விளக்கிக்கொண்டே செய்வான். கூட்டம் கூடும். பொறுக்க முடியாமல் நானும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண் கொட்டாமல் பார்த்தார்.

"அட, சேகரன் மாதிரியே செய்றீங்களே! அவருகிட்ட கத்துக்கிட்டீங்களா?"

சிவப்புப் பசை

லெட்சுமி என் பத்து வருட வாடிக்கை. சிங்கப்பூர் வேலைக்குத் தினமும் காரில் போய் வருகிறவள். மூன்று மாதம் முன்பு அவள் காருக்கு நான்தான் டர்போ மாற்றினேன். எண்ணெய்க் குழாய் மூட்டில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் தகடு அன்று கையில் இல்லை. நாளை வா என்றால் எதிர்ப் பக்கம் போய்விடுவாளோ என்று பயம். சிவப்பு சிலிக்கோன் பசையைத் தடவி மூடி அனுப்பிவிட்டேன்.

போன வாரம் அதே கார் இழுவை வண்டியில் வந்தது. வழியில் டர்போ ஊளையிட்டதாம், நீலப் புகையாம். இடையில் சேகரனிடம் எண்ணெய் மாற்றியிருக்கிறாள். எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. "பார்த்தியா, அவன் ஊத்துன எண்ணெயோட லட்சணத்தை!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு குழாயைக் கழற்றினேன். துவாரத்தின் வாயில் சிவப்பாக ஒரு துண்டு, புழு மாதிரி, அடைத்துக்கொண்டிருந்தது. என் பசைதான். டர்போ எண்ணெய் இல்லாமல் செத்திருந்தது. லெட்சுமி அமைதியாகத்தான் சொன்னாள்.

"காலையில சேகரன்கிட்டதாண்ணே முதல்ல காட்டுனேன். மூட்டு ஓரத்துல சிவப்பாத் தெரியுறத பாத்தாரு. 'நான் தொறந்தா அண்ணன் பேரு கெட்டுடும். இனி ஓட்டாதீங்க, இழுத்துட்டுப் போய் அவரையே தொறக்கச் சொல்லுங்க'ன்னாரு."

எதிராளி அயோக்கியனாக இருந்தால் எப்படியும் சமாளித்துவிடலாம் நண்பர்களே, அவன் நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் மனுஷன் எதை வைத்துத்தான் பொறாமைப்படுவது?