சாரம்மாள் எண்ணாத அரிசி

எந்த வீட்டில் முறத்துச் சத்தம் கேட்டாலும் சாரம்மாள் சுண்ணாம்புப் பானையைத் தலையிலிருந்து இறக்காமலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். புடைத்து முடிகிறவரை அப்படியே நிற்பாள். சுவரில் பல்லி இருந்தால் பல்லியைப் பார்ப்பாள். இல்லையென்றால் காரை வெடிப்பைப் பார்ப்பாள். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், சுண்ணாம்புக்காரிக்கு ஏதோ கோட்டி என்று வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் சிரிப்பதில்லை. முறத்தின்மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு, "அரிசிய மூடியாச்சு மதினி, இங்கன திரும்பு" என்பார்கள்.

சீவலப்பேரி சபைத் தெருவில் வேதக் கோவிலுக்குப் பின்னால் கடைசி வீடு அவளுடையது. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். நெடுநெடுவென்ற உடம்பு, புருஷன் இல்லை. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு விற்கிறாள். அக்கிரகாரத்திலும் வாடிக்கை உண்டு. கீரைக்காரியிடம் கால் நாழிகை பேரம் பேசுகிற மாமிகள்கூட இவள் வழித்துக் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். காரணம் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். சாரம்மாள் ஞானஸ்நானம் பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அவள் பேச்சியம்மை. இந்த ஆற்றங்கரை முழுதும் பேர்போன குறிகாரி.

முறத்தில் பச்சரிசியைப் பரப்பி, காணாமல் போனவரின் பெயரைச் சொல்லி, ஒரு சிட்டிகை எடுத்து எண்ணுவாள். ஒற்றை விழுந்தால் ஆள் வருவான். இரட்டை விழுந்தால் வரமாட்டான். எண்ணுவதற்கு முன் அவளுக்குக் கொட்டாவி வரும். மூன்றாவது கொட்டாவிக்குப் பிறகு வாயிலிருந்து வருவது அவள் குரலாக இராது. அந்தக் குரல் சொன்னது தப்பியதே இல்லை. பக்கத்துத் தெரு ஆறுமுகத்தாயின் புருஷன் கோபித்துக்கொண்டு ஓடிப்போய், களக்காட்டில் ஒரு சத்திரத்தில் காய்ச்சலாகக் கிடந்ததைச் சொல்லி மீட்டுக் கொடுத்தவள் பேச்சியம்மைதான்.

ஒருநாள் ஒரு தாய், தன் பிள்ளை எங்கே போய்த் தொலைந்தான் என்று வேடிக்கையாகத்தான் கேட்டாள். இரட்டை விழுந்தது. 'தண்ணிக்குள்ள கெடக்கான்' என்று வாய் சொல்லிவிட்டது. தாய் தலைவிரி கோலமாக ஆற்றுக்கு ஓடினாள். பிள்ளை உயிரோடு படித்துறையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அம்மா ஓடிவருகிற வேகத்தைப் பார்த்து, அடிக்கத்தான் வருகிறாள் என்று பயந்து எழுந்து பின்னால் நகர்ந்தான். படி பாசி பிடித்திருந்தது.

அரிசி நடக்கப்போவதைச் சொன்னதா, சொல்லி நடத்தி வைத்ததா? அந்தக் கேள்வி பேச்சியம்மையைச் சோறு தின்ன விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் வந்து நின்றாள்.

உபதேசியார் ஞானையா நல்ல மனிதர். ஆனால் குறியெல்லாம் பொய் என்று ஒரே போடாகப் போடுவார். சாரம்மாள் அதை ஒப்புக்கொள்ளமாட்டாள். "பொய்யின்னா விடுறது லேசுல்லா ஐயா. அது மெய்யத்தான சொல்லுது" என்பாள். ஞானையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்வார். ஒருமுறை அவரிடம் இன்னும் கொஞ்சம் சொன்னாள்: "வனாந்தரத்துல நாப்பது நாளு பட்டினி கெடந்த ஆண்டவருகிட்ட வந்த சாத்தான் சாராயத்தையா கொண்டாந்தான்? அப்பத்தத்தான காட்டுனான். நமக்கு எது வேணுமோ அதப் பாத்துத்தான் கொண்டாருவான்." அதற்குமேல் அவளுக்குப் பிரசங்கம் வராது. பரமண்டல ஜெபத்தில் சோதனை என்ற சொல் வருகிற இடத்தில் மட்டும் அவள் குரல் சபையை முந்திக்கொண்டு ஓங்கும். பின்வரிசைப் பெண்கள் அதற்காகவே காத்திருந்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்வார்கள்.

சுண்ணாம்பு வியாபாரம் தானாக அமைந்ததல்ல, தேடிப் பிடித்தது. நீற்றிய சுண்ணாம்பில் வருஷக்கணக்காகக் கை போட்டு அவள் விரல் நுனிகள் வெந்து, உரிந்து, காய்த்துவிட்டன. முள் குத்தினால் தெரியாது. "இந்த வெரலுக்கு அரிசி பேசுறது கேக்காதுன்னுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இன்னமும் கேக்குதே" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டுதான் அரிசி களைவாள். ஆகவே அவள் வைக்கிற சோற்றில் கல் நிச்சயம். ஒரே மகன் கிருபைராஜ் இருந்தவரை இதற்காக நாள் தவறாமல் சண்டை பிடிப்பான்.

கிருபைராஜ் கொழும்புத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். மாதம் ஒரு கடுதாசி வந்தது. பிறகு நின்றது. நின்று பதினாலு மாதம் ஆகிறது. அங்கே கொள்ளைக் காய்ச்சல் என்று கப்பலில் திரும்பிய ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். எந்தத் தாய்க்கும் இருக்கிற துக்கம்தான் இது. ஆனால் மற்றத் தாய்மாருக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இவளுக்கு வழி அடுக்களைப் பானைக்குள் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்தால் போதும், தெரிந்துவிடும். அந்த வேதனையைப் பொறுக்கமுடியாமல் அவள் வீட்டில் அரிசி வாங்குவதையே நிறுத்திவிட்டாள். மூன்று மாதமாகக் கேப்பைக் கூழ்தான்.

பங்குனி மாதத்து உச்சிவெயிலில் ஆறுமுகத்தாய் வந்தாள். சாரம்மாள் முற்றத்தில் சுண்ணாம்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். வந்தவள் முந்தானையால் மூடிக் கொண்டுவந்த ஒரு முறத்தை அவள் முன்னால் வைத்தாள். அதில் பச்சரிசி பரப்பியிருந்தது.

"ஏளா, எடுத்துட்டுப் போயிரு" என்று சாரம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ கேக்க வேண்டாம் மதினி. நான் கேக்கேன். பாவம்னா அது எந் தலையோட போட்டும். நீ வெரல மட்டும் வையி."

"வேண்டாம்னு சொல்லுதம்லா."

"எம் புருசனக் கொண்டாந்து குடுத்தவ நீ. நீ அழுவுறது எங்க தெருவரைக்கும் கேக்குது. கேட்டுட்டு நான் எப்படிச் சும்மா இருக்க?"

பகையாக வந்திருந்தால் சாரம்மாள் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். திரும்பிப் பார்த்தால், வந்தவள் கண்ணில் இருந்தது அத்தனையும் பிரியம். முறத்தைப் பார்க்கக்கூடாது என்பது மறந்துபோய், பார்த்துவிட்டாள்.

முதல் கொட்டாவி வந்தது. காற்று இல்லை, முருங்கை இலைகூட அசையவில்லை. ஆனால் முறத்து அரிசி, யாரோ உள்ளங்கையால் தள்ளிவிட்டதுபோல, நடுவில் விலகி இடம் விட்டது. ஆறுமுகத்தாய் அதைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினாள். இரண்டாவது கொட்டாவி. சாரம்மாளின் வலது கை அவளைக் கேட்காமலே முறத்துக்கு மேலே போய் நின்றது. மகன் பெயர் நாக்குக்கு வந்துவிட்டது. பெயரோடு கூடவே, படித்துறையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் நினைவும் வந்தது. இப்போது எண்ணினால் கிருபைராஜும் எங்கோ ஒரு படியில் எழுந்து பின்னால் நகர்வான் என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்குத் தெரிய வேண்டாம் ஆண்டவரே" என்று உரக்கச் சொன்னாள். "நீரே தெரிஞ்சு வச்சுக்கிடும்."

மூன்றாவது கொட்டாவியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, முறத்தைத் தூக்கி அரிசியை முற்றத்தில் வீசினாள். "பா, பா, பா" என்று கோழிகளைக் கூப்பிட்டாள். தெருக்கோழியெல்லாம் விழுந்தடித்து ஓடிவந்தன. கண் மூடித் திறப்பதற்குள் முற்றம் காலியானது. ஓரிடத்தில் மட்டும் சில மணிகள் கிடந்தன. செவலைக் கோழி அதனருகே போய்க் கழுத்தை நீட்டியது. கழுத்து மயிர் சிலிர்க்க, கொத்தாமல் திரும்பியது. மற்றவையும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயின.

எத்தனை மணி என்று பார்வை பதிவதற்குள் சாரம்மாள் கண்ணை இறுக்கி மூடினாள். தட்டுத் தடுமாறி அங்கே நடந்துபோய், காலால் மண்ணைக் கிளறிப் புரட்டினாள்.

"மதினி." ஆறுமுகத்தாய் ஓரடி கிட்டே வந்தாள். "நான் எண்ணிட்டேன்."

சாரம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. குரல் வந்த பக்கம் கையை நீட்டி, சுண்ணாம்பு காய்ந்து வெளுத்த உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினாள். வாய் சொல்லாததைக் கண் சொல்லிவிடும் என்று, மற்றக் கையால் ஆறுமுகத்தாயின் முந்தானையையே எடுத்து நெற்றியிலிருந்து தாடைவரை இழுத்து மூடினாள். அதன் பிறகுதான் தன் கண்ணைத் திறந்தாள். முகம் மூடிய அவளைக் கைப்பிடித்து, கல் தடுக்காமல் பார்த்துப் பார்த்து, அந்த வெயிலில் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டு வந்தாள்.