பக்கத்து வீடு இல்லாத வீடு

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் சாலையில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயில். எதிரே வேர்க்கடலைக் கொல்லை நடுவில் ஒல்லியாக ஒரு மூன்று மாடி வெள்ளைக்கார வீடு. செங்கல் முகப்பு, உயரமான குறுகிய ஜன்னல்கள். உச்சியில் புகைபோக்கி; அதில் கட்டிய திருஷ்டி பொம்மை நாக்கை நீட்டுகிறது. பக்கச் சுவர்களில் மருந்துக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை.

வாசலில் நிற்கும் விசைத்தறி முதலாளிக்கு நான் வாய் பிளந்து பார்ப்பதில் ஏகப் பெருமை.

“மாப்ள இங்கிலாந்துல பஞ்சாலை ஊர்ல கீறாருங்க. அந்தக் காலத்து மில் மொதலாளி வூடாம். போட்டோ அனுப்ச்சாரு, அப்டியே கட்டிட்டோம்.”

“அங்கே வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். அதனால்தான் பக்கத்தில் ஜன்னல் வைக்கவில்லை. இங்கே சுற்றிலும் கொல்லைதானே?”

“போட்டோல முன்பக்கம்தாங்க இருந்துச்சு. ஏசி கீது, காத்து எதுக்கு? தறிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு ரெட்டைக் கண்ணாடி வேற.”

“அப்படியானால் நன்றாகத் தூங்குகிறீர்கள்.”

அவர் முகம் தொங்கிப்போகிறது. “எங்கங்க? சத்தம் கேக்கலன்னா தறி நின்னுடுச்சோன்னு பதறிகினு எழுந்துக்கிறேன். கட்டில தறிக் கொட்டாயிலியே போட்டுட்டேன்.”

பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். எட்டுத் தறிகள் தடதடக்கின்றன. ஓட்டுகிறவர்களின் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. மொத்தக் கொட்டகைக்கும் ஒரே மின்விசிறி. அது கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.