பதினேழாம் பக்கத்துக் காலிக் கட்டம்

பிப்ரவரி 4, புதன்கிழமை, காலை 10.40. கையில் இருந்தவை பதின்மூன்று பக்கங்கள். வர வேண்டியவை ஒன்பது. கெடு 20ஆம் தேதி.

அப்போதுதான் சலீம் பாய் அழைத்தார். பாலக்கரையில் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருப்பவர். ரஹ்மத் நிஷா அக்காவின் கணவர். "தம்பி, நிஷா மவுத்தாயிட்டா. காலையில டீ போட்டுக் குடுத்தா, பக்கத்துல வந்து உட்கார்ந்தா, அவ்வளவுதான். சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்க." வந்துடறேன் பாய் என்றேன். போனை வைத்ததும் என் தலைக்குள் முதலில் வந்தது அக்காவின் முகம் இல்லை. ஒன்பது என்ற எண். இதை மறைத்துவிட்டு நான் வேறு என்ன எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசகர் வட்டத்து மடலுக்கு ஒரு அஞ்சலி வேண்டும் என்று கேட்டீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு அக்காவை நேரில் தெரியும். மீதிப் பேருக்கு எங்கள் படக்கதையின் கண்டக்டரம்மாவைத் தெரியும். டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே ஊரில் காணாமல் போனவற்றைக் கண்டுபிடிக்கும் அந்தப் பெண்ணைப் பதினோரு அத்தியாயங்களாக வரைந்தது அக்காதான். பென்சில் அவருடையது. அதன்மேல் மையும் வண்ணமும் என்னுடையவை. அவர் பாலக்கரையில், நான் ஸ்ரீரங்கத்தில். நடுவில் காவிரி, ஒரு பாலம், தினமும் ஒரு சண்டை.

சண்டை எப்போதும் தேதியைப் பற்றித்தான். நான் படித்தது மெக்கானிக்கல். வரைய வருவதற்கு முன்னால் துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். மாதம் ஓர் அத்தியாயம், இருபத்திரண்டு பக்கம் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை கட்டம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஒரே ஒரு அத்தியாயத்தைக்கூட அவர் சொன்ன நாளில் கொடுத்ததில்லை. கேட்டால் "ரெண்டு நாள்ல" என்பார். அந்த இரண்டு நாள் ஐந்து நாளாகும். ஒருமுறை பதிப்பாசிரியரிடம் கரண்ட் இல்லை என்று சொன்னார். பென்சிலுக்கு எதற்குக் கரண்ட் என்று அவரும் கேட்கவில்லை.

தாமதத்துக்குக் காரணம் ஒரு கட்டம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரே ஒரு கட்டத்தை அக்கா காலியாக விட்டு, மூலையில் நீலப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைப்பார். தனக்கு வரைய வராத ஏதோ ஒன்று அந்தக் கட்டத்தில் இருக்கும். நனைந்த புடவை. படியில் தொங்கும் கூட்டம். மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டு அதில் உட்காருவார். வரைவார், அழிப்பார், வரைவார். "வராத கட்டம் ஒண்ணுகூட இல்லைன்னா அப்புறம் இந்த மாசத்துக்கும் போன மாசத்துக்கும் என்னடா வித்தியாசம்?" என்பார். "தேதி அக்கா, தேதி வித்தியாசம்" என்பேன்.

இதற்கு நான் கண்டுபிடித்த தீர்வுக்குக் கிடங்கு என்று பெயர். அவர் வரைந்த முகங்கள், கைகள், பஸ், பாலம், படிக்கட்டு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துக் கணினியில் அடுக்கிவைத்தேன். கண்டக்டரம்மா கோபமாக, இடது பக்கம் பார்த்து: பதினாறு படங்கள். வலது பக்கம் பார்க்க வேண்டுமா, திருப்பிப் போட்டால் போயிற்று. ஓர் அத்தியாயத்துக்கு நான்கு நாள் மிச்சம். அக்கா பெருமைப்படுவார் என்று நினைத்துக் காட்டினேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். "நல்லாத்தான் அடுக்கியிருக்கே. மளிகைக்கடை மாதிரி. பின்னங்கழுத்து எந்த டப்பாவுல இருக்கு?" என்றார். பின்னங்கழுத்து இல்லை.

ஆறாவது அத்தியாயத்தில் நான் செய்த காரியம் திருச்சிக்காரர்களான உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அப்போதுதான் அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு தெரியவந்து, புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். காலிக் கட்டம் காலியாகவே இருந்தது. கதைப்படி அங்கே வர வேண்டியது பாலத்திலிருந்து தெரியும் மலைக்கோட்டை. கிடங்கில் ஒரு மலைக்கோட்டை இருந்தது. கண்டக்டரம்மாவின் பேச்சுக்கு இடம் போதவில்லை என்று அதைத் திருப்பிப் போட்டேன். பின்னால் இருந்த கடைப் பலகைகளின் எழுத்தைக்கூட நேராக்கினேன். மலையை மறந்துவிட்டேன். அப்படியே அச்சுக்குப் போனது.

மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு வாசகர் கூப்பிட்டார். "தம்பி, முப்பது வருஷமா அண்ணாந்து பார்த்துட்டு இருக்கேன். உச்சிப் பிள்ளையார் எப்ப தம்பி இடம் மாறினாரு? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அந்த வாரம் எனக்கு இப்படிப் பதினான்கு அழைப்புகள்.

மருத்துவமனைக் கட்டிலில் அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்து முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "மலையைத் திருப்பினதுக்கு ஊரே உன்னைக் கேட்டுடுச்சு, அதை நான் கேக்க மாட்டேன். என் கட்டத்தை நீ எதுக்கு மூடினே?" என்றார். கெடு என்றேன். "கெடு உன்னோடது. கட்டம் என்னோடது." ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. பக்கங்கள் மட்டும் சலீம் பாய் வழியாக வந்துகொண்டிருந்தன, வழக்கம்போலத் தாமதமாக.

அடுத்த அத்தியாயத்தில் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. ஒன்றில் பெருக்கல் குறி. இன்னொன்றில், "இது உனக்கு." நான் பென்சிலே எடுத்ததில்லை, அடுத்தவர் கோட்டின்மேல் மை போடுகிறவன். கேட்டதற்கு, "மூடத் தெரிஞ்சவனுக்கு வரையவும் தெரியணும்ல?" என்றார். பஸ் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு கை. மூன்று நாள் ஆயிற்று. கொண்டுபோய்க் காட்டினேன்.

"கட்டைவிரல் எங்கே?"

"கம்பிக்குப் பின்னாடி இருக்குக்கா."

"இருக்குன்னு நீ சொல்றே என்ஜினியர், படம் சொல்லலியே."

அப்படியேதான் அச்சானது. கெடு என்று நான்தான் அடம்பிடித்தேன்.

வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். இடது கையில் ஊசி, வலது கை சும்மா இருக்கும். நான்கு மணி நேரம் பக்கத்துக் கட்டில்காரர்களின் கைகளை வரைந்துகொண்டிருப்பார். அட்டவணையைப் பார்த்துப் பதறிக்கொண்டு நான் போய் நிற்பேன். "அக்கா, நம்ம பக்கத்தை வரையலாம்ல இந்த நேரத்துல?" "இது யாரோட நேரம்டா?" என்பார். ஒருநாள் உண்மையாகவே குரலை உயர்த்திவிட்டேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். பக்கத்துக் கட்டில் பெரியவர், "பாப்பா, உன் மொதலாளியா?" என்று கேட்டார். "இல்லீங்க, கடிகாரம்" என்றார் அக்கா. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அவரிடம் நேரம் எவ்வளவு இருந்தது என்று இப்போது தெரிகிறது. அதில் எத்தனை மணி நேரத்தை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று கணக்குப் போடத் தொடங்கினால் தூக்கம் வருவதில்லை.

எட்டாவது அத்தியாயத்தின் காலிக் கட்டம் ஒரு பெண் கண்டக்டரின் முதுகு. அதற்காக ஒரு நிஜக் கண்டக்டரம்மாவைப் பார்த்தபடியே சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரே பஸ்ஸில் நான்கு முறை போய்வந்தார். ஒன்பதாவது அத்தியாயத்திலிருந்து எங்கள் கண்டக்டரம்மாவின் இடது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. பை வார் இழுத்து இழுத்து இறங்கிய தோள். மை போடும்போதே எனக்குப் பகீரென்றது. ஒரு பக்கத் தோள் இறங்கிய ஆளைத் திருப்பிப் போட்டால் தோள் மாறிவிடும். "அக்கா, இனிமே இவளைத் திருப்ப முடியாது. கிடங்கே வீணாப் போச்சு" என்றேன்.

"தெரியும்டா" என்றார். "அந்த பஸ்ல அவ தோளைப் பார்த்ததும் மொதல்ல உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு."

அடக்கத்துக்குப் போனேன். நான்கு பேருக்குப் பின்னால் நின்று மூன்று கைப்பிடி மண் போட்டேன். மறுநாள் சலீம் பாய் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். அதில் ஒரு பள்ளிக்கூட நோட்டு, விரல் நீளத்துக்குத் தேய்ந்த ஒரு நீலப் பென்சில். மீதி ஒன்பது பக்கங்களுக்கும் எந்தக் கட்டம் எங்கே என்று சின்னதாகக் கோடு போட்டுவைத்த நோட்டு. "உங்க வேலை இதுல இருக்குன்னு சொல்லிட்டே இருந்தா, தம்பி" என்றார்.

அன்று சாயங்காலம் பதிப்பாசிரியர் பேசினார். நல்ல மனிதர், துக்கம் விசாரித்தார். பிறகு சொன்னார்: "இருபதாம் தேதி அச்சகத்துல நமக்கு இடம் இருக்கு. விட்டா இனிமே கிடைக்காது, தொடரைப் பதினோராவதோட நிறுத்த வேண்டியதுதான். அவங்க படம் எல்லாம் உங்க கிடங்குல இருக்கே? வெட்டி ஒட்டிடுங்க. யாருக்கும் தெரியாது." நான் மறுத்துப் பேசவில்லை. நான்கு நாள் வேலை என்று மனதுக்குள் கணக்குக்கூடப் போட்டுவிட்டேன். ஒரு பெரிய நிம்மதி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை நோட்டில் பதினான்காம் பக்கத்தை மட்டும் பார்த்து வேலையைத் தொடங்கினேன். இரண்டே மணி நேரத்தில் பக்கம் தயார். முகம், கை, பஸ், எல்லாம் அக்காவின் கோடு. அதைப் பதின்மூன்றாம் பக்கத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் தோள் இறங்கிய பெண். அடுத்த பக்கத்தில் இரண்டு தோளும் நிமிர்ந்து, கம்பியைப் பொம்மைக் கையால் பிடித்துக்கொண்டு யாரோ ஒருத்தி. கைகள்கூட வேறு. பதின்மூன்றாம் பக்கத்துக் கைகளில் புத்தூர்க் கட்டில்கள் இருந்தன, நரம்பும் எலும்புமாக. கிடங்கில் இருப்பது போன வருஷத்து அக்கா. அந்தக் காலிக் கட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து அக்கா அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது, நான் ஒட்டிவைத்த பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவரோடு வருஷம் முழுக்க வேலை செய்தவனுக்கு, அவர் போன பிறகு.

அப்புறம்தான் நோட்டை முழுதாகப் புரட்டினேன். பதினேழாம் பக்கத்தில் ஒரே ஒரு பெரிய காலிக் கட்டம். கதைப்படி மலைக்கோட்டை. மூலையில் பெருக்கல் குறி இல்லை. நீலப் பென்சிலில் எழுதியிருந்தார்: "இது உனக்கு. பாலத்துல நின்னு வரை. கிடங்குக்குப் போகாதே."

இன்று சனிக்கிழமை. இதை எழுதும் நேரத்தில் கால் பக்கம் வரைந்திருக்கலாம். என் வேகம் நாளைக்கு அரைப் பக்கம். இருபதாம் தேதி வரை பதின்மூன்று நாள். அப்படியானால் ஆறரைப் பக்கம். இரண்டரைப் பக்கம் குறைகிறது. வேறு எப்படிப் போட்டாலும் குறைகிறது. காலையிலிருந்து நான்கு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது விரல் நீளப் பென்சில், அந்தக் காலிக் கட்டம், அதைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு வராது என்று வரும் பயம். மாதாமாதம் இந்தப் பயத்தோடுதான் அவரும் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி செய்யப்போவது:

1. நாளை காலை 6.30, காவிரிப் பாலம். தாள், பென்சில், அட்டை. போன் வீட்டில் இருக்கும்.

2. ஒட்டிவைத்த பதினான்காம் பக்கத்தை இன்றே அழிப்பேன்.

3. கிடங்கை அழிக்க மாட்டேன். பஸ்ஸும் படிக்கட்டும் கடைப் பலகையும் அதிலிருந்துதான் வரும். அந்த இரண்டரைப் பக்கத்தை வேறு எங்கே பிடிப்பது? ஆனால் கண்டக்டரம்மாவின் முகம், தோள், கை எதையும் அதிலிருந்து எடுக்க மாட்டேன்.

4. திங்கள் காலை பத்து மணிக்குப் பதிப்பாசிரியருக்குப் போன் செய்து, பக்கங்கள் இருபதாம் தேதி வரும், முன்னை மாதிரி இருக்காது என்று சொல்வேன். அவர் தொடரை நிறுத்தினால் நிறுத்தட்டும்.

5. பதின்மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: "இதுவரை பென்சில், ரஹ்மத் நிஷா." யாருக்கும் தெரியாது என்று இருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

6. மலை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று அச்சுக்கு அனுப்பும் முன் துணிக்கடை அண்ணனிடம் காட்டுவேன்.

7. கட்டைவிரலைக் கம்பிக்குப் பின்னால் ஒளிக்க மாட்டேன்.