மணலில் புதைந்த ஜீப்

மூன்று தோழிகளுடன் பெங்களூரிலிருந்து ஜீப்பில் ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரமடிக்கத் திட்டமிட்டேன். தண்ணீர், டீசல், மண்வெட்டி எல்லாம் குறித்தாயிற்று. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் முடிவெடுப்பவர் மாமா. ஆண் துணையில்லாமல் அனுப்ப முடியாது என்றார்.

தங்கவயலின் பழைய சுரங்க மணல்மேட்டில் ஓட்டிப் பழகிய அன்று அவரும் வந்தார். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்துவிட்டேன். சக்கரங்கள் புதைந்தன.

"பாலைவனம் போற மூஞ்சியப் பாரு! எறங்கு, ஆளுங்களக் கூப்புடுறேன்."

"வேணாம் மாமா."

டயர்களில் பாதிக் காற்றை இறக்கினேன்.

"காத்தப் புடுங்கிட்டா வண்டி எப்படிம்மா நவுரும்?"

அகலமாகப் பரந்த டயர்கள் மணலைப் பற்றின. மெல்லப் பின்னால் எடுத்தேன். ஜீப் வெளியே வந்தது.

"சரி, இருந்தாலும் தொணைக்கு ஒன் தம்பியக் கூட்டிட்டுப் போ."

"சீட் இல்ல மாமா. வெள்ளிக்கிழமை கெளம்புறோம்."

எதற்கும் அவரிடம் அனுமதி கேட்டே பழகிய நான், அன்றுதான் முதல்முறையாகத் தகவல் மட்டும் சொன்னேன்.