வெறுங்கையால் தெளித்த பால்

இளஞ்செழியனின் குடும்பம் பாபநாசம் பக்கம் குத்தகைக்கு நெல் பயிரிடுகிறது. சேற்றில் இறங்காமல் தப்பிக்கவே இவன் டிப்ளமோ படித்தான், சிங்கப்பூர் போனான், கப்பல் வேலையில் சேர்ந்தான். விதி விட்டதா? முப்பத்து நான்கு வயதில் பசிபிக் கடல் நடுவே நாள் முழுக்கச் சேறு அலசிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் உலகப் போரில் விழுந்த விமானம் ஒன்று அங்கே எண்பது மீட்டர் ஆழத்தில் கிடந்தது. குழாய் அதைச் சுற்றியுள்ள வண்டலை உறிஞ்சிக் கூடையில் நிரப்பும். கூடை மேலே வந்ததும் சல்லடையில் கொட்டி அலச வேண்டும். தேடியது விமானியின் எலும்பை. அவருடைய தங்கை தொண்ணூற்றொரு வயதில் இன்னும் காத்திருந்தார். எலும்பின் மரபணு அந்த அம்மாவுடையதோடு ஒத்துப்போனால்தான் அது அண்ணன் என்று சொல்ல முடியும். தொடுகிறவரின் மரபணு ஒட்டிவிடும் என்பதால் கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே இளஞ்செழியன்தான்.

பத்தொன்பதாம் நாள், சுண்டுவிரல் நீளத்தில் ஓர் எலும்பு சல்லடையில் நின்றது.

நம் பக்கத்தில் எரித்த மறுநாள் காடாத்து. எலும்பின் மேல் பால் தெளித்துப் பொறுக்கி ஆற்றில் விடுவார்கள். போன ஐப்பசியில் அப்பாவுக்கு அது நடந்தபோது இவன் கப்பலில் இருந்தான். அந்தக் குறை அவனை அரித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் தெரிந்தவன் என்ன செய்தான்? கையுறையைக் கழற்றினான். டீக்கு வைத்திருந்த பாலை எலும்பின் மேல் தெளித்தான். வெறுங்கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மேற்பார்வையாளர் ஜெகபர் அலி, அதிராம்பட்டினத்துக்காரர், பார்த்துவிட்டார்.

“தம்பி, கிளவுஸ் எங்கப்பா?”

“அத மாட்டிக்கிட்டு எப்படி பாய் பால் தெளிக்கிறது?”

“வேற யாரும் பாக்கல. கழுவி வச்சுட்டு வாய மூடிக்கிட்டு இரு.”

“நாளைக்கு ஏதாவது குழப்பமானா அந்தம்மா பாவம் பாய். நானே போய்ச் சொல்லிடுறேன்.”

சொன்னான். தலைமை ஆய்வாளர் திட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவனுடைய கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து எடுத்து, எலும்போடு சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். அந்தப் பயணத்தில் வேறு எலும்பு கிடைக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, சம்பா நடவுக்கு ஊர் வந்திருந்தவனை ஜெகபர் அலி போனில் அழைத்தார். அடையாளம் காண முடியவில்லை என்று தங்கைக்கு எழுதிவிட்டார்களாம். எலும்பில் ஒரே ஓர் ஆளின் மரபணுதான் கிடைத்ததாம். அது இளஞ்செழியனுடையது.